பதினான்காவது புள்ளி

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள் மேடம், கூச்சப்பட வேண்டாம். என் மனைவி ஊரில் இல்லை, நானே போட்டது. ஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடுவது என் வழக்கம். சிலருக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிகிறது.

பெயர் பஞ்சாட்சரம். வயது அறுபத்திரண்டு. விசாரணைக்கு வரும்போது ‘புரொபசர் வீடு எது’ என்று கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். அது ஊர் வைத்த பெயர். நான் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தேன். மாணவர்களுக்குக் கருவிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்கி வைப்பது வேலை. ஊர் ஆசையாகப் புரொபசர் என்கிறது. ஒவ்வொருவரையும் நிறுத்தித் திருத்திக்கொண்டிருப்பது பண்பாக இருக்காது என்று விட்டுவிட்டேன். மற்ற விஷயங்களில் எனக்குத் துல்லியம் முக்கியம்.

தாலுகா ஆபீஸுக்குப் போன அந்த மனுவை எழுதியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். கீழே ‘இப்படிக்கு, பொதுமக்கள்’ என்று போட்டதும் நான்தான். நான் ஒரே ஆள் என்பது உண்மை. ஆனால் பொதுமக்களில் ஒரு ஆள்.

சிட்டம்மாள் குடும்பத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளும் அவள் புருஷன் தானியேலும் எங்கள் நிலத்தில்தான் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தார்கள். தானியேலின் அப்பா பெஞ்சமின், என் அப்பாவுக்குக் கிணறு வெட்டியவர். எல்லோரும் நல்ல மனிதர்கள். வீடு இருந்த இடம்தான் சரியில்லை. ஏன் சரியில்லை என்று புரியவைக்க உங்களிடம் கொஞ்சம் ரேடியோ பேச வேண்டும்.

என்னிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது. பின்னால் வயல் நடுவில் மூங்கில் கம்பமும் அதன் உச்சியில் ஒரு கம்பியும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதற்குப் பீக்கன் என்று பெயர். கலங்கரை விளக்கம் மாதிரிதான், வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலை. நிமிஷத்துக்கு ஒரு தரம் என் அழைப்புக் குறியையும் ஊர் இருக்கும் இடத்தையும் தந்திக் குறியீட்டில் சொல்லும். அவ்வளவுதான். யார் பேச்சையும் கேட்காது, யாருக்கும் பதில் சொல்லாது, தன்னைப் பற்றியே இருபத்துநான்கு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும். நம் பக்கத்து மேடைகளில் பலரும் செய்கிற காரியம்தான். இதில் மின்செலவு குறைவு.

இருநூறு மில்லிவாட். கடையில் ஜீரோ வாட் பல்பு என்று விற்கிறார்களே, அது இழுக்கும் கரண்ட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இந்தச் சுண்டைக்காய்ச் சத்தத்தை நார்வேயில் ஒருவர் கேட்டதாக எனக்கு எழுதினார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

உலகத்திலுள்ள இந்த மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். ஊர், அலைவரிசை, சக்தி என்று கட்டங்கள் ஓடும். கடைசிக் கட்டத்தில், சொன்ன சக்தி ‘அளந்தது’ என்றோ ‘உத்தேசம்’ என்றோ இருக்கும். பெட்டியிலிருந்து எவ்வளவு புறப்படுகிறது என்பதைச் சாதாரண மீட்டரே சொல்லிவிடும். வயர் கொஞ்சம் தின்று, ஈர மூங்கில் கொஞ்சம் தின்று, மிச்சம் எவ்வளவு காற்றில் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. அதை வெளியே நின்று அளக்க வேண்டும்.

என் பெயருக்கு எதிரே ‘உத்தேசம்’ என்று இருந்தது. செங்கல்பட்டில் ஸ்ரீகாந்த் என்று ஒரு பல் டாக்டர். பீக்கன் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் பெயருக்கு எதிரே ‘அளந்தது’. நான் பொறாமைக்காரன் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

அளக்கிற முறை எளிது. கம்பத்தை மையமாக வைத்து, நூறு மீட்டர் கயிற்றால் வயலில் ஒரு பெரிய வட்டம். பத்து டிகிரிக்கு ஒன்றாக முப்பத்தாறு முளைகள். ஒவ்வொரு முளையிலும் நின்று மீட்டரைப் பிடித்து, அலையின் பலத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பீக்கனை எடுத்துவிட்டு, வெளிவிடும் சக்தி நிச்சயமாகத் தெரிந்த வேறொரு ஏரியலை அதே இடத்தில் நிறுத்தி இன்னொரு சுற்று. இரண்டையும் ஒப்பிட்டால் விடை. வெட்டவெளியாக இருந்தால் எல்லா முளையிலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் அழகான வட்டம் கிடைக்கும். இதற்காக ஏழெட்டு ஏக்கரை நடவு போடாமல் அந்த வருஷம் தரிசாக விட்டேன். அறிவியலுக்காக நான் செய்த தியாகம் அது. நடவுக்கு வருகிறவர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு.

சித்திரை மாதம், அளக்க ஆரம்பித்த முதல் நாள், நான் இரண்டாம் சுற்று வரும்போது சிட்டம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், காத்தால புட்சு சுத்திக்கினே கீறீங்க. வேண்டுதலா?”

“அளக்கிறேன்.”

“நெலத்தயா?”

“காற்றில் போகிற சக்தியை.”

முறத்தை நிறுத்திவிட்டு வயலைப் பார்த்தாள். “ஒண்ணும் போவலியே சார். எங்க மாடுதான் போவுது.” அப்புறம் உள்ளே திரும்பி, “யோவ், சாருக்கு மோர் எட்த்தா. வெயில்ல ஒரு மாரியா பேசறாரு,” என்றாள்.

நல்ல மோர். உப்பு சரியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினான்காவது முளை அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து நாலு அடி. அங்கே மட்டும் மீட்டரின் முள் இரண்டு டெசிபல் தூக்கிக் காட்டியது. ஒன்றரை மடங்குக்கும் மேல். பக்கத்து முளைகளிலும் கொஞ்சம் கொஞ்சம். தாளில் வட்டம் வரவில்லை. ஒரு பக்கம் கன்னம் வீங்கியவன் முகம் மாதிரி வந்தது. எனக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்தது.

காரணம் கண்முன்னால் பளபளத்தது. முந்தின வருஷப் புயலில் கூரை பறந்த பிறகு தானியேல் புதுத் தகரம் போட்டிருந்தான். தகரம் ரேடியோ அலையைக் கண்ணாடி மாதிரித் திருப்பும். விஷயத்தை அவனிடமே சொன்னேன்.

“தகரம் பேஜார் பண்ணுதா சார்? அவ்ளோதானே. ஞாயித்துக்கெளம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து கயட்டி வெச்சிர்றேன். நீங்க அளந்துக்கோங்க. சாயங்காலம் மாட்டிக்கிறேன்.”

“ஒரு நாளைக்குக் கழற்றினால் போதாது தானியேல்.”

“ஏன் சார், தெனமுமா அளப்பீங்க?” சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் கையை நீட்டினான். “அதுவும் இல்லாம, தகரத்த மட்டும் சொல்றீங்களே. உங்க முள்ளுகம்பி வேலி அந்தாண்ட ஏரிக்கர வரிக்கும் ஓடுது. அது இரும்பு இல்லியா?”

ரேடியோ படிக்காதவர்களிடம் ரேடியோ பேசினால் இப்படித்தான். பொறுமையாகச் சிரித்துவைத்தேன்.

ஒரு நாள் கழற்றி அளந்தால் அது ஒரு நாள் உண்மை. எனக்கு நிலையான உண்மை வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஆடி மாதம் அவர்களுக்கு அரசு வீடு ஒதுக்கீடு ஆனது. சிட்டம்மாள் அந்த ஆர்டரை என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். கான்கிரீட் வீடு. தூணில் கம்பி, பீமில் கம்பி, தளத்தில் குறுக்கும் நெடுக்கும் கம்பி. படித்துக் காட்டும்போது என் குரல் நடுங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நெலத்துக்குக் காயிதம் கேக்கறாங்க சார். எங்க மாமனாரு உங்க அப்பாகிட்ட குட்த்து வெச்சாரே, அது கீதா?”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கூலிக்குப் போகிறவர்கள் முக்கியமான காகிதங்களை ஓலைக் கூரைக்கு அடியில் வைக்கமாட்டார்கள். மழை, கறையான், நெருப்பு. நிலக்காரர் வீட்டு இரும்பு பீரோவில் கொடுத்துவைப்பார்கள். நல்ல பழக்கம். தொண்ணூற்றொன்றில் என் அப்பா, கிணறு வெட்டியதற்காக அந்த வீடு நின்ற ஆறு சென்ட்டைப் பெஞ்சமினுக்குத் தானமாக எழுதினார். இருபது ரூபாய் முத்திரைத் தாள், அப்பாவின் கையெழுத்து, சாட்சிகள் இரண்டு. பதிவு செய்யத்தான் சோம்பல்பட்டுவிட்டார், அதனால் பட்டா எங்கள் பெயரிலேயே நின்றது. பெஞ்சமின் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்து, “உங்க பீரோவுலயே இருக்கட்டும் ஐயா” என்றாராம். அப்பாவுக்குப் பிறகு பீரோ எனக்கு வந்தது.

தேடினேன். முதல் தட்டிலேயே இருந்தது. இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

அப்புறம்தான் மனு. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் ஒன்று போகிறது. அதை ஆக்கிரமித்து வீடு கட்டியிருப்பதாக எழுதினேன். இப்போதெல்லாம் நீர்நிலை என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், மற்ற மனுக்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க அது மட்டும் எழுந்து நடக்கிறது. சர்வேயர் வந்தார். எல்லைக் கல் எப்போதோ புதைந்து போயிருந்தது. மண்வெட்டியால் இரண்டு இடத்தில் கொத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்து நிலக்காரன் என்ற முறையில் என்னைக் கேட்டார்.

“இந்த எடம் உங்க பட்டாவுல வருதா சார், கால்வாய்ல வருதா?”

“என்னுடையது இல்லை” என்றேன்.

இரண்டே வார்த்தை. தன் நிலத்தைத் தனதில்லை என்று சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? அடுத்தவன் நிலத்தைத் தனது என்பவர்களாகவே பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் அவர். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. பகல் பதினோரு மணி, லேசான தூறல். சாமான்களை எடுக்க அவகாசம் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கட்டில், தையல் மிஷின், இரண்டு அண்டா, இயேசு படம், ஒரு மூட்டை நெல். சிட்டம்மாள் வரப்பில் விழுந்தடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

“சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. சொல்லு சார்.”

நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதை அவளிடம் விளக்க அது நேரமில்லை.

உடனே அளக்க முடியவில்லை. ஜேசிபியும் இரும்புதானே. அது ரோடு ஏறும்வரை முக்கால் மணி நேரம் குடைக்கடியில் காத்திருக்க வேண்டியிருந்தது. தானியேல் தகரங்களை ஒவ்வொன்றாக மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு தகரம். நேரமாகிறதே என்று கடைசித் தகரத்துக்கு நானும் ஒரு கை கொடுத்தேன்.

“பாத்து சார், கைய கீசிடும்” என்றான்.

வண்டி மறைந்ததும் பதினான்காவது முளைக்குப் போய் மீட்டரைப் பிடித்தேன். இரண்டு டெசிபல். முள் பழைய இடத்திலேயே நின்றது.

ஒரு வாரம் யோசித்தேன். எட்டாம் நாள் மீட்டரோடு முள்கம்பி வேலியை ஒட்டி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு பத்தடிக்கும் மீட்டர் முள் துள்ளியது. வேலி முழுக்க என் பீக்கனின் சத்தத்தை வாங்கித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தது. தானியேல் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டது. வேலியை எடுத்திருக்கலாம்தான். எடுத்தால் ஆடு உள்ளே வரும்.

குடியரசு தினத்தன்று கிராமசபையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் எல்லப்பன் மைக்கை விழுங்கிவிடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு பேசினார். “ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே ஓலை போட்டு எலெக்‌ஷன் நடத்துன மண்ணு இது. இன்னிக்கு ஒரு அடி நெலத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கினு சாவறான். நம்ம புரொபசரு, வேணும்னா என்னுதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொன்னாரா? சொல்லல. கால்வாய்க்கு வுட்டாரு.” எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டிலேயே, சொந்த மனையில் வீடு கட்டியவனுக்குத்தான் சபையில் இடம் என்று வெட்டியிருக்கிறது. அதை நான் அங்கே ஞாபகப்படுத்தவில்லை. சிட்டம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் அவள் தங்கை வீட்டுப் பின்கட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் வசதி உள்ள ஊர்.

பொன்னாடை வந்த பிறகு ‘உத்தேசம்’ என்று இருப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. பட்டியல்காரர் கேட்டது எண்களும், கையால் வரைந்த படமும். படத்துக்கு நல்ல தடித்த தாள் வேண்டும். பீரோவில் இருந்ததிலேயே தடித்தது அந்த முத்திரைத் தாள்தான். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. காம்பஸை ஊன்றி ஒரே சுழற்சியில் வட்டம் போட்டேன். முப்பத்தாறு புள்ளிகளையும் அதன்மேல் வரிசையாக உட்கார வைத்தேன். பதினான்காவது புள்ளி மற்றவற்றைப் போலவே அடக்கமாக உட்கார்ந்தது. பிறகு கத்தரியால் வட்டத்தை ஒட்டி வெட்டினேன். வட்டமான படத்துக்கு மூலைகள் எதற்கு?

ஸ்கேன் எடுக்க உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் ஒரு பெண். “வணக்கம் சார்” என்றது. எல்லோரும் சொல்வதுதான்.

“பின்னாடி எய்த்து தெரியுது சார். பரவால்லியா?”

“பரவாயில்லை. வட்டம் தெரிகிறதா?”

“வட்டம் சூப்பரா கீது சார்.”

அந்தப் பெண் சிட்டம்மாளின் மகள் ஜெனிஃபர் என்பது இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினான்காவது முளைக்கு நாலு அடியில் வளர்ந்த பெண். அந்த இடத்தை நான் ஐம்பது தடவைக்குமேல் அளந்திருக்கிறேன். நல்ல மீட்டர்தான்.

படத்தை அவள் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிப் படித்தாள் என்கிறீர்கள். ‘பெஞ்சமினுக்கு ஆறு சென்ட் தானமாக’ என்பதுவரை தெளிவாகத் தெரிகிறது, சர்வே எண்ணும் கையெழுத்தும் இல்லை, அதனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியவில்லை என்கிறீர்கள். கெட்டிக்காரப் பெண். எங்கள் கல்லூரியில் படித்திருந்தால் ஆய்வகத்தில் நானே அவளுக்குக் கருவிகள் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மறு வாரமே என் பெயருக்கு எதிரே ‘அளந்தது’ ஏறிவிட்டது. பல் டாக்டர் ஸ்ரீகாந்த் வாழ்த்து அனுப்பினார். இவ்வளவு சுத்தமான வட்டம் தனக்கு வரவில்லை, நிலத்தை எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். இன்னும் பதில் எழுதவில்லை.

இந்த மாதம் முடிவதற்குள் நிலத்துக்கான காகிதம் போய்ச் சேராவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும், அதுதான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம். புரிகிறது. இருங்கள், எடுத்துத் தருகிறேன். இது வட்டம். இந்த உறையில் நான்கு மூலைகள். எதையும் எறிகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மேல் இடது மூலையில் சர்வே எண். கீழ் வலது மூலையில் அப்பாவின் கையெழுத்து. பின்னால் டேப் ஒட்டினால் பொருந்திவிடும், நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். சாட்சிகளில் ஒருவர் திருப்புலிவனத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் வீட்டு வழியையும் சொல்கிறேன். தாராளமாகக் கட்டட்டும் மேடம். எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

வெட்டுவதற்கு முன்னால் படித்தேனா என்கிறீர்கள். படித்தேன். இரண்டு தடவை. கையெழுத்தும் எண்ணும் வட்டத்துக்கு வெளியே விழ வேண்டுமென்றால் காம்பஸை எங்கே ஊன்ற வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, பென்சிலால் குறித்து, அப்புறம்தான் ஊன்றினேன். துளை தெரிகிறது பாருங்கள். அது பெஞ்சமின் பெயர்மேல் விழுந்தது மட்டும் தற்செயல். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். வேலிதான் காரணம் என்று தெரிந்தும் எடுக்கவில்லை, வட்டத்தையும் காம்பஸ் வைத்துத்தான் போட்டீர்கள், அதை அந்த வீடு நிற்கும்போதே போட்டிருக்கலாமே சார் என்று.

நியாயமான கேள்வி. போட்டிருக்கலாம். ஆனால் மேடம், வீடு நிற்கும்போது போட்டிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும்.